நாகப்பூருக்குப் போன உன் அம்மா

அம்மிணி,

நேற்று நீ சேலத்திலிருந்து போன் பண்ணிப் பேசிக்கொண்டிருக்கும்போது கடைக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா, அது பொய். கடையில் ஈ காக்கா இல்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் போனில் சொல்லி முடிகிறதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். கையெழுத்து புரியாத இடத்தில் என்னிடம் கேட்காதே, எனக்கே புரியாது. கல்யாணப் பேச்சு இதில் இல்லை, தைரியமாகப் படிக்கலாம்.

அயர்லாந்து வேலையை வேண்டாமென்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாய். அந்த வேலைக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நாளெல்லாம் நின்றுவிட்டு, கால் வீங்கி வீட்டுக்கு வந்து, படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு, அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாய். அவள் போய் வருஷம் திரும்பப் போகிறது. இப்போது அந்த வேலை கிடைத்திருக்கிறது, இந்தச் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், நீயோ என் நொண்டிக் காலையும் ஆளில்லாத வீட்டையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் சமாளித்துக்கொள்வேன் என்றேன். அப்போதுதான் கேட்டாய்: "அம்மாவா இருந்தா இப்பிடி உட்டுட்டுப் போவாங்களாப்பா?"

போவாள். போனாள். கைக்குழந்தையாக இருந்த உன்னையே விட்டுவிட்டுப் போனாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாதென்று என் வாயையும் உன் பெரியம்மா வாயையும் கட்டிப்போட்டவள் அவளேதான். "புள்ள மனசுல அது ஒரு மூலையில போயி உக்காந்துக்கும்ங்க, வேண்டாம்" என்பாள். அவள் இருக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. இப்போது சொன்னால் சண்டைக்கு வர ஆளில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன். வந்தால் நல்லதுதான், அந்தச் சண்டைக்கு நான் ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்.

உன் அம்மா மோகனூர்க்காரி. காவிரிக் கரையில் கரும்புக் காட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். ஆறு நிறைந்து போகும்போதுகூட அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்புவாளாம், அவள் அண்ணன்மார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளைத் தண்ணீரே இல்லாத நம் மேட்டுக்காட்டு ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தவன் நான். அதிலும் நான் பார்த்தது தண்ணீருக்காக நிலத்தைத் துளைத்துப் போர் போடுகிற வேலை. திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக் வண்டியில் டிரில்லர். ஆயுத பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியைக் கிளப்பினால் வடக்கே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு, அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்புவோம். ஊரான் காட்டிலெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், நம் வீட்டுக்கு உன் அம்மா தெருக்கோடியிலிருந்து குடம் சுமப்பாள். "இந்தியா பூராவும் ஓட்டை போடறீங்க, நம்மூட்டுல ஒண்ணு போட உங்களுக்கு நேரமில்லீங்களா?" என்று ஒருதரம் கேட்டாள். அடுத்த மழைக்காலத்தில் போட்டேன். தண்ணீர் வரவில்லை, கல்தூள் புகைதான் வந்தது. அவள் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. இன்று நினைத்தால் அப்படிச் சிரிக்கத் தெரிந்தவள் என்பதால்தான் பின்னால் நடந்ததை எல்லாம் தாங்கினாள் என்று தோன்றுகிறது.

நீ பிறந்த வருஷம் நான் வடக்கேதான் இருந்தேன். நீ குப்புற விழுந்து, நகர்ந்து, தவழத் தொடங்கிய சமயம். சித்திரை வெயில். நாகப்பூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் போர் இறக்கிக்கொண்டிருந்தோம். துளையிடும் இரும்புக் குழாய் ஒன்று பிடி நழுவிச் சரிந்து என் இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்ததாம். நான் பார்க்கவில்லை, எனக்கு நினைவு தப்பிவிட்டது. அந்த ஊர் டாக்டர் நல்ல மனுஷர்தான். தன்னிடம் இருக்கிற வசதிக்குக் காலை எடுப்பது ஒன்றுதான் வழி, நாகப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கால் பிழைத்தாலும் பிழைக்கும், ஆனால் வழியில் ரத்தம் போய் உயிருக்கு ஆபத்து வரலாம், சொந்தக்காரர் யாராவது முடிவு சொல்லுங்கள் என்றார். எங்கள் லாரி டிரைவர் மாரப்பன் பயந்துபோய் எஸ்டிடி பூத்துக்கு ஓடி, திருச்செங்கோட்டில் முதலாளி ஆபீஸுக்குப் போன் போட்டார். ஆபீஸ் ஆள் வண்டியில் வந்து உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார். அடுப்பில் வைத்த உலையை அப்படியே இறக்கிவிட்டு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

மறுபடி போன் போட்டபோது அவள் பேசியதை மாரப்பன் சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் போனில் அழுகிறார். அந்தப் பக்கம் அவள் அழவில்லை. "அண்ணா, மொதல்ல அழுவறதை நிறுத்துங்க. உசுரு இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இருக்கிறது என்றதும் டாக்டர் சொன்னதைத் திரும்ப ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நீ அவள் தோளில் கிடந்து போன் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய் என்று ஆபீஸ் ஆள் பின்னால் சொன்னார். பிறகு சொன்னாளாம்: "நாகப்பூர் கொண்டு போங்கண்ணா. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா நாஞ்சொன்னதுன்னு சொல்லிக்கங்க. உங்க மேல பேச்சு வராது. நான் பொறப்பட்டு வாரேன்." முதலாளியே எழுந்து நின்றுவிட்டாராம். இருபத்து மூன்று வயதுப் பெண், அம்மிணி. நான் செத்திருந்தால் ஆயுசுக்கும் ஊர் அவளைத்தான் பேசியிருக்கும். அது தெரிந்தே அந்தப் பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை அது. மாரப்பனும் மற்றவர்களும் சாமான் லாரியில் குழாய்களின் மேல் மெத்தை விரித்து என்னைக் கிடத்தி அரை நாள் ஓட்டினார்கள். உன் அம்மா சொன்ன ஒரு சொல்லை நம்பி ஓட்டினார்கள்.

அவளுக்கு இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? உன் பெரியம்மா அடுத்த தெருவில் இருந்தாள். அவள் மகனும், அதுதான் உன் அண்ணன், அப்போது பால்குடி மறக்கவில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைக்குமா தெரியாது, கொளுத்துகிற வெயில், போகிற இடத்தில் படுக்க இடம் உண்டா தெரியாது. உன்னைத் துணியில் சுற்றிப் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். "அக்கா, இவளையும் உங்க புள்ளையாட்டப் பாத்துக்கோணும். எத்தனை நாளாகும்னு தெரியாதுங்க" என்று கையில் கொடுத்துவிட்டு, நீ அழத் தொடங்குவதற்குள் தெருவைத் தாண்டிவிட்டாளாம். திரும்பிப் பார்க்கவில்லை என்று பெரியம்மாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம்கூட. திரும்பிப் பார்த்திருந்தால் அவளால் போயிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு நினைவு தெளிந்தபோது காலுக்கு வெளியே கம்பிகள் நட்டு வைத்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழே நம் வீட்டு மஞ்சள் பை இருந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ரயில் புகைக்கரியோ என்னவோ, முகமெல்லாம் அழுக்கு. நான் கண் திறந்ததும் போர்வையைத் தூக்கிக் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, தொடறது தெரியுதுங்களா?" என்று கேட்டாள். பெருவிரல் மட்டும் தெரிந்தது. "போதும். ஒண்ணு தெரிஞ்சா மத்ததுக்கும் தெரியும்" என்றாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ரணம் சீழ் பிடித்தால் காலை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். தினமும் கட்டுப் பிரிக்கும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், அவள் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். நேற்றைவிட நாற்றம் குறைந்திருக்கிறதா என்பதுதான் அவளுக்கு அன்றைய நாள்.

பாஷை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. எந்த இந்தி வார்த்தையானாலும் பின்னால் "ங்க" போட்டுவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று நம்பினாள். தண்ணீருக்கு "பானிங்க", மருந்துக்கு "தவாய்ங்க", டாக்டர் எங்கே என்பதற்கு "டாக்டர் கஹாங்க?" என்று வராந்தா முழுக்கக் கேட்டுக்கொண்டு நடப்பாள். வார்டு பெருக்குகிறவர்கள் அவளைக் கண்டதும் "வாங்க போங்க" என்று கேலி செய்ய ஆரம்பித்து, அப்புறம் நிஜமாகவே அவளிடம் அப்படித்தான் பேசினார்கள். வடக்கே அத்தனை வருஷம் சுற்றிய எனக்கு அந்த ஊரில் ஒரு சிநேகிதம் கிடையாது. அவளுக்கு ஒரே வாரத்தில் ரொட்டி சுட ஓர் அடுப்பும், துணி காயப்போட ஒரு கயிறும் கிடைத்தன, மனம்விட்டுப் பேச ஒரு பாலக்காட்டு நர்ஸும் கிடைத்துவிட்டார்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. கொஞ்சம் நிதானமாகப் படி.

தினமும் பல தடவை அவள் ஒரு டம்ளரைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தேன். குளியலறைப் பக்கம் போவாள், வருவாள், அந்த டம்ளரோடு வெளி முற்றத்துக்குப் போவாள். டீ வாங்கித் தனியாகக் குடிக்கிறாள் என்று நினைத்தேன். படுத்துக் கிடக்கிறவனுக்குச் சின்ன விஷயமெல்லாம் பெரிதாகப் படும். ஒரு நாள் கேலியாகவே கேட்டேன், "டீ உனக்கு மட்டுந்தானா? நமக்கெல்லாம் கிடையாதா?" என்று. அவள் நின்றாள். தலைப்பை விலக்கி டம்ளரைக் காட்டினாள். "டீ இல்லீங்க. அம்மிணிக்கு உள்ளது" என்றாள்.

தாய்ப்பால். பீய்ச்சி எடுத்து முற்றத்தில் ஒரு வேப்ப மரத்தின் அடியில், யார் காலும் படாத இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வந்த முதல் இரண்டு நாள் மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சல் அடித்து, அதோடுதான் என் கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவே ஓடியிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. பாலக்காட்டு நர்ஸ் பரிதாபப்பட்டு, மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொள், நாலு நாளில் வற்றிவிடும், வேதனை இருக்காது என்று பூவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குச் செய்கிற வைத்தியம்தான். உன் அம்மா அந்தப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாளாம். "வத்தக் கூடாதுங்க சிஸ்டர். ஊட்டுக்குப் போனா என்ற புள்ளைக்கு வேணும்" என்றாளாம். அந்த நர்ஸே வந்து என்னிடம் சொன்னார்.

யோசித்துப் பார், அம்மிணி. குடிக்கக் குழந்தை இல்லாமல், எப்போது ஊர் திரும்புவோம் என்றும் தெரியாமல், திரும்பினால் நீ அவளிடம் வருவாயா என்பதும் தெரியாமல், ரொட்டியும் பருப்புத் தண்ணீருமாகச் சாப்பிட்டுக்கொண்டு அந்தப் பாலை அவள் வற்றவிடவில்லை. ஒரு வேளை தவறவில்லை. என் காலுக்கு டாக்டர்கள் இருந்தார்கள், மருந்து இருந்தது. அவள் காப்பாற்றிய அந்த இன்னொன்றுக்கு அவளைத் தவிர யாருமில்லை. நான் பூமியில் எத்தனையோ ஆழம் இறங்கித் தண்ணீரைப் பார்த்தவன். இவ்வளவு பெரிய ஒன்றை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு டீ என்று நினைத்தேன் பார். இன்று வரைக்கும் எனக்கு அந்த மலைப்புத் தீரவில்லை. ஊருக்குப் போய்விடு, என்னை மாரப்பன் பார்த்துக்கொள்வார் என்று அன்றைக்கே அவளிடம் சண்டை போட்டேன். "ரணம் காயட்டும்ங்க. பாதியில போனா ரெண்டும் கெட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

வைகாசி பாதியில்தான் ஊர் வந்து சேர்ந்தோம். இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு நானும், மஞ்சள் பையோடு அவளும் நேராகப் பெரியம்மா வீட்டுக்குத்தான் போனோம். நீ பெரியம்மா இடுப்பில் இருந்தாய். நன்றாகக் கொழுத்திருந்தாய். உன் அம்மா கை நீட்டியதும் வீறிட்டு அழுது பெரியம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். பெரியம்மா பதறிப்போய், "ரெண்டு நாளைக்கு அழுவா, அப்பறம் பழகிக்குவா, நீ தூக்கிட்டுப் போ" என்று உன்னைப் பிரித்துக் கொடுக்கப் பார்த்தாள். உன் அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "வேண்டாங்க்கா. பயப்படறா. அவளா வரட்டும்" என்றாள். அந்த ரயில் பயணம் முழுக்க உன்னைத் தூக்குவது பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலையிலிருந்து பெரியம்மா வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். விதைக்குக் கடலைக்காய் உரிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. அவளும் சேர்ந்து உரிப்பாள். உன்னைக் கூப்பிட மாட்டாள், பார்க்கக்கூட மாட்டாள். பேசிக்கொண்டே இருப்பாள், குரல் உன் காதில் விழட்டும் என்று. நீ பெரியம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு முறைத்துப் பார்ப்பாய். சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாள், டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போவாள். எனக்கு உயிர் போகும். உன்னை வலுக்கட்டாயமாகத் தூக்கி வந்துவிடலாம் என்று கத்தினேன். "அவ என்ன தப்புப் பண்ணுனா? போனது நாந்தானுங்க" என்றாள். அந்த ஒரு தடவைதான் அவள் குரல் உடைந்து கேட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நாள் முற்பகல் நானும் கட்டையை ஊன்றிக்கொண்டு அங்கே போயிருந்தேன். நீ கடலைக்காய்க் குவியல் மேல் தவழ்ந்து வந்து உன் அம்மாவின் தாலிக்கொடியை எட்டிப் பிடித்து வாயில் வைத்தாய். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. நீ அவள் மடியில் ஏறினாய், முகர்ந்தாய், கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தாய். அப்புறம் உனக்கு வேண்டியதை நீயே தேடிக்கொண்டாய். பால் இருந்தது, அம்மிணி. உனக்குப் புரையேறுகிற அளவுக்கு இருந்தது. பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். உன் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க, அங்க மாடு கடலைக்காயத் திங்குது, நின்னுக்கிட்டு இருக்கறீங்களே!" இரண்டு கட்டையோடு நான் எங்கே மாட்டைத் துரத்துவது?

அதற்குப் பிறகு அவள் வாழ்ந்தது உனக்கே தெரியும். நான் ரிக்குக்குப் போக முடியாமல் ஆனதும் ரிக் சாமான் கடை வைக்கச் சொன்னவள் அவள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு டிவிஎஸ் பழகி, முழங்கை தேய விழுந்து எழுந்து, சங்ககிரிக்கும் சேலத்துக்கும் சரக்கெடுக்கப் போனாள். உன்னை ஸ்கூலில் விட்டாள், நர்ஸிங்கில் சேர்த்தாள். நீ சேலத்து விடுதிக்குப் போன அன்றைக்கு, கண் கலங்காமல் உன்னைப் பஸ் ஏற்றினாள் என்று உனக்குக் குறை. அவளுக்குத் திரும்பிப் பார்க்காத பழக்கம் எப்போது தொடங்கியது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அவள் பாசம் போகவிடாமல் பிடித்து வைக்கிற பாசம் இல்லை. போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டு, வரவேண்டிய ஆளுக்கு ஒரு சொட்டும் குறையாமல் வைத்திருந்து கொடுக்கிற பாசம்.

நீ போனால் எனக்குக் கஷ்டம்தான். இல்லையென்று சொன்னால் நேற்றுச் சொன்ன பொய்யோடு இது இரண்டாவது பொய் ஆகும். காலையில் காபி போட்டுவிட்டு இரண்டாவது டம்ளரைத் தேடுகிறேன். மழைக்காலத்தில் கம்பி போட்ட இடம் குடையும். பெரியம்மா வீட்டிலிருந்து குழம்பு வரும், நான் சோறு வடித்துக்கொள்வேன், கடையைத் திறப்பேன், ஞாயிற்றுக்கிழமை உன் போனுக்குக் காத்திருப்பேன். ஆனால் என்னைக் காரணமாக வைத்து நீ இங்கே இருந்துவிட்டால், உன் அம்மா பெரியம்மா வாசலில் கை மடக்கி உட்கார்ந்திருந்த அந்த நாட்களுக்கு என்ன அர்த்தம்? உன்னைவிட்டு அவள் போனதால்தான் நான் இருக்கிறேன். என்னைவிட்டு நீ போகவில்லை என்றால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

விடிந்ததும் அயர்லாந்துக்காரர்களுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடு. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு நான் கூட வருவேன். சக்கர நாற்காலி அது இதென்று ஏற்பாடு பண்ணி வைக்காதே. கூட வருகிறவர்களை எதுவரைக்கும் விடுவார்களோ அதுவரைக்கும் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு காலால் நடந்து வருவேன்.

அப்பா